ரூட் கையில் யுஇஎஃப்ஐ வேரியபிள்கள்: தவறுதலாக அழியாமல் காப்பது எப்படி?

கேள்வி – ராக்_வரிசை

டெபியன் 12 ஓடும் 30 சர்வர்கள், ரூட் (முழு நிர்வாகி) உரிமை நான்கு பேரிடம். பூட் ஆகாத இயந்திரத்தை லைவ் யுஎஸ்பியில் எழுப்பி, சிஎச்ரூட் செய்து (அதன் டிஸ்கை /எம்என்டி-யில் மவுண்ட் செய்து அதற்குள் நுழைந்து) பூட்லோடரான க்ரப்பைப் போடுவது இங்கே வழக்கமான வேலை. இயந்திரத்தை எழுப்பும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் தன் அமைப்புகளை வைத்திருக்கும் வேரியபிள்கள் கோப்புகளாகத் தெரியும் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ் எல்லா இயந்திரங்களிலும் எழுதும் நிலையில்தான் மவுண்ட் ஆகியிருக்கிறது. 2016-இல் சில எம்எஸ்ஐ லேப்டாப்கள் ஒரே ஆர்எம் (கோப்பு அழிக்கும்) கட்டளையில் இந்த வேரியபிள்கள் அழிந்து போர்டோடு போனதை எல்லோரும் படித்திருப்பீர்கள். புதிய கெர்னலில் அது சரியாகிவிட்டது என்கிறார்கள். அதை நம்பி அப்படியே விடலாமா? அந்த டைரக்டரியை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) ஆக்கினால் எது உடையும்?

பதில் 1 – கெர்னல்_வாசகன்

பாதிதான் சரியாகியிருக்கிறது. 2016 மார்ச்சில் வந்த 4.5 கெர்னல் முதல், அந்த டைரக்டரியில் உள்ள பெரும்பாலான கோப்புகளுக்கு இம்யூட்டபிள் (மாற்றவோ அழிக்கவோ முடியாத) கொடி தானாகவே விழுகிறது. எல்எஸ்அட்டர் கொடுத்தால் வரிசையில் 'ஐ' தெரியும். ரூட்டே அழிக்கப் பார்த்தாலும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு: பூட்ஆர்டர், பூட்நெக்ஸ்ட், பூட்0000 வரிசை, டைம்அவுட், ஓஎஸ்இண்டிகேஷன்ஸ், கான்இன், கான்அவுட் முதலியவை. அன்றாடக் கருவிகள் இவற்றில் எழுதியாக வேண்டும் என்பதால் திறந்தே இருக்கின்றன. ஆகவே இன்றைக்கும் ஒரு ஆர்எம் -ஆர்எஃப் உள்ளே புகுந்தால் பூட் என்ட்ரிகள் அத்தனையும் போகும். போர்டு சாகாது, எதை ஏற்றுவது என்பதுதான் அதற்குத் தெரியாமல் போகும்.

போர்டைச் சாகடிப்பது மற்ற வகை. பல போர்டுகளில் பயாஸ் மெனுவில் நாம் வைக்கும் தேர்வுகள் 'செட்டப்' என்ற ஒரே வேரியபிளில் பைட் பைட்டாக அடுக்கப்பட்டிருக்கும். அது காணாவிட்டால் இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொண்டு எழும்புவதுதான் முறை. அந்தச் சோதனையே இல்லாமல் எழுதிய ஃபர்ம்வேர் திரையில் எதுவும் வருமுன்பே நின்றுவிடும். அப்போது சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பலனில்லை. இந்த வேரியபிள்கள் இருப்பது எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில், அது பேட்டரியை நம்பி இல்லை.

இன்னொன்று: கொடி கெர்னலின் நினைவில் மட்டும் இருப்பது, ரூட் அதை எடுத்துவிடலாம். 'சாட்டர் -ஐ *' என்று மொத்தமாகக் கொடியை எடுக்கும் ஸ்கிரிப்டுகளை இணையத்தில் பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாற்ற வேண்டிய ஒரே கோப்புக்கு மட்டும் கொடியை எடுங்கள். எழுதும்போது முதல் 4 பைட் பண்புகள், அதன் பிறகுதான் தரவு. எடுத்துக்காட்டாக, அடுத்த முறை நேராக பயாஸ் மெனுவுக்குப் போகச் சொல்லும் ஓஎஸ்இண்டிகேஷன்ஸ் மொத்தம் 12 பைட்: 07 00 00 00, பின் 01, பின் ஏழு 00. இந்தப் பன்னிரண்டும் ஒரே ரைட்டில் போக வேண்டும். 'எக்கோ 1' என்று தள்ளினால் கெர்னல் ஏற்காது. இந்த வேலைக்கு சிஸ்டம்சிடிஎல் ரீபூட்டின் ஃபர்ம்வேர்-செட்டப் தேர்வே போதும், கையால் எழுதத் தேவையில்லை.

பதில் 2 – மவுண்ட்_பாயிண்ட்

உங்கள் வேலைமுறையில் உண்மையான ஆபத்து சிஎச்ரூட்தான். /சிஸ்-ஐ ஆர்பைண்ட் செய்தால் (உள்மவுண்ட்களோடு சேர்த்து இன்னொரு இடத்திலும் காட்டினால்) இஎஃப்ஐவார்ஸும் கூடவே /எம்என்டி/சிஸ் கீழே வந்து உட்கார்ந்துவிடும். வேலை முடிந்து அன்மவுண்ட் செய்யும்போது 'பிஸி' என்று மறுக்கும். அதைக் கவனிக்காமல் /எம்என்டி-யைத் துடைத்தால், துடைப்பது அந்த இயந்திரத்தின் என்வி-ரேமை, அதாவது இந்த வேரியபிள்களையே.

நான் சொல்லும் முறை இது. /சிஸ்-க்கு வெறும் பைண்ட் மட்டும் போடுங்கள். அதில் உள்மவுண்ட்கள் வராது. இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் கோப்புத் தொகுப்பு) மட்டும் மறுபடி கட்டுவதானால் இதுவே போதும். பூட் என்ட்ரி பதிய வேண்டியிருந்தால் மட்டும் இஎஃப்ஐவார்எஃப்எஸ்ஸை (இஎஃப்ஐவார்ஸ் டைரக்டரியின் ஃபைல்சிஸ்டத்தை) தனியாக உள்ளே மவுண்ட் செய்து, பதிந்தவுடன் கழற்றிவிடுங்கள். ஆர்பைண்ட்தான் வேண்டும் என்றால் உடனே மேக்-ஆர்ஸ்லேவ் கொடுங்கள். இல்லாவிட்டால் பிறகு செய்யும் அன்மவுண்ட் -ஆர் வெளியே ஓடும் லைவ் சிஸ்டத்தின் மவுண்ட்களையும் சேர்த்துக் கழற்றும். எதையாவது அழிக்கும்முன் ஃபைண்ட்மவுண்ட் -ஆர் /எம்என்டி கொடுத்து, கீழே இன்னும் என்ன மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அழிக்கும்போது ஆர்எம்முக்கு ஒன்-ஃபைல்-சிஸ்டம் தேர்வைச் சேர்த்தால் வேறு மவுண்டுக்குள் அது கால்வைக்காது.

கண்டெய்னர்: டாக்கர் சாதாரணமாக /சிஸ்/ஃபர்ம்வேரை மறைத்துவிடும். ப்ரிவிலெஜ்ட் (முழு உரிமை) கொடுத்தால் அந்த மறைப்பு போய்விடும்.

ராக்_வரிசை

நன்றி. ஓடும் சர்வர்களில் ரீட்-ஒன்லி ஆக்கினால் க்ரப் அப்டேட் வரும்போது என்ன ஆகும்?

பதில் 3 – கெர்னல்_வாசகன்

ரீட்-ஒன்லி ஆக்க, மவுண்ட்களின் பட்டியலான எஃப்எஸ்டேபில் இந்த வரி போதும். சிஸ்டம்டி பூட்டின்போது அதைப் பார்த்து ரீமவுண்ட் செய்துவிடும்:

இஎஃப்ஐவார்எஃப்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/இஎஃப்ஐவார்ஸ் இஎஃப்ஐவார்எஃப்எஸ் ஆர்ஓ,நோசூயிட்,நோடெவ்,நோஎக்ஸெக் 0 0

அப்படியே விட்டால் க்ரப் பேக்கேஜ் அப்டேட்டில் க்ரப்-இன்ஸ்டால் என்ட்ரியைப் பதிய முடியாமல் பிழையோடு நிற்கும், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி பாதியில் தொங்கும். டெபியனில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 ஓட்டி, என்வி-ரேமைப் புதுப்பிக்கவா என்ற கேள்விக்கு 'வேண்டாம்', ரிமூவபிள் மீடியா பாதையிலும் நிறுவவா என்பதற்கு 'ஆம்' சொல்லுங்கள். \இஎஃப்ஐ\பூட்\பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு வந்துவிடும். பூட் என்ட்ரிகள் அத்தனையும் அழிந்தாலும் ஃபர்ம்வேர் அந்தப் பாதையைத் தேடி எழும்பும். எனக்கு இந்தப் பட்டியலிலேயே முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

எஃப்டபிள்யூஅப்டி வழியாக ஃபர்ம்வேர் அப்டேட் செய்யும் நாளில் மட்டும் ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ (எழுதும் நிலை) கொடுத்து, முடிந்ததும் திரும்பப் பூட்டுங்கள். ஒருபோதும் மாற்றத் தேவையில்லாத இயந்திரம் என்றால் கெர்னல் வரியில் இஎஃப்ஐ=நோரன்டைம் போடலாம். ரூட்டுக்கே அந்த டைரக்டரி காலியாகத்தான் தெரியும்.

பதில் 4 – சிப்_கிளிப்

ரீட்-ஒன்லி பூட்டுப் போடுவதோடு நிறுத்தாமல் ஃபிளாஷ் டம்ப் (சிப்பில் உள்ளதன் முழு நகல்) ஒன்றும் எடுத்து வையுங்கள், இயந்திரத்துக்கு ஒன்றாக. ஒரே மாடல்தானே என்று ஒன்றின் டம்பை மற்றொன்றில் ஏற்றினால் சீரியல் எண், யுயுஐடி, சில போர்டுகளில் மேக் முகவரி எல்லாம் இரண்டிலும் ஒன்றாகிவிடும்.

இன்டெல் போர்டுகளில் ஓஎஸ்ஸுக்குள்ளிருந்து, சிப்பைப் படிக்கும் ஃபிளாஷ்ராம் கருவியை ஓட்டினால் எம்இ (மேனேஜ்மென்ட் எஞ்சின்) பகுதி பெரும்பாலும் பூட்டியிருக்கும், முழுதாக வராது. வெளியிலிருந்து எடுக்க சிஎச்341ஏ ப்ரோக்ராமரும் 8 கால் கிளிப்பும் வேண்டும். இரண்டு பவர் கேபிளையும் பிடுங்குங்கள். பிஎம்சி (தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் சிப்) உள்ள சர்வர் அணைத்த நிலையிலும் போர்டுக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் கொடுக்கும். சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்து டேட்டாஷீட்டில் வோல்டேஜைப் பாருங்கள். 1.8 வோல்ட் சிப் என்றால் இடையில் அடாப்டர் கட்டாயம். கறுப்பு நிற சிஎச்341ஏ பலகைகள் பலவற்றில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும், 3.3 வோல்ட் சிப்புக்கே அது ஆகாது. மல்டிமீட்டர் வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள்.

கிளிப்பின் சிவப்பு வயர் சிப்பில் புள்ளி உள்ள 1-ஆம் காலில் உட்கார வேண்டும். இரண்டு முறை படித்து ஷா256 ஹாஷ்களை ஒப்பிடுங்கள். 16 எம்பி சிப் என்றால் கோப்பு சரியாக 1,67,77,216 பைட் இருக்கும். இரண்டு ஹாஷும் ஒத்துப்போகாவிட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. கழற்றி, கால்களை ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்து, மறுபடி மாட்டிப் படியுங்கள். ஒத்துப்போன பிறகு, கோப்பின் பெயரில் அந்த இயந்திரத்தின் சீரியல் எண்ணையும் பயாஸ் பதிப்பையும் சேர்த்து வேறு இடத்தில் வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் புதிய டம்ப் எடுக்க வேண்டும்.