பழைய கறுப்பு கௌபாய் படங்கள்: சிரிக்கத்தான் பாக்குறோமா?

சாட்ஸ்வர்த்_பையன்

வணக்கம் எல்லாருக்கும், தென்னாப்பிரிக்கா டர்பன்லேர்ந்து எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க, நான் தமிழ் படிச்சது சனிக்கிழமை கோயில் வகுப்புல, மீதி எங்க ஆயாகிட்ட கேட்டது.

விஷயம் என்னன்னா போன மாசம் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தானுங்க, ப்ராய் போட்டு, அதான் கறி சுட்டு, சாப்ட்டு முடிச்சுட்டு ராத்திரி ஏதாவது மட்டமான பழைய படம் பாத்து கலாய்க்கலாம்னு உக்காந்தோம். ஒருத்தன் 1975ல அமெரிக்காவுல வந்த கௌபாய் படம் ஒண்ணு போட்டான், ஃப்ரெட் வில்லியம்சன் ஹீரோ, கதையும் அவரே தயாரிப்பும் அவரே. படப் பேர்ல ரெண்டாவதா கறுப்பு ஆளுங்கள திட்டுற ஒரு வார்த்தை வருது, அத நான் இங்க டைப் பண்ண மாட்டேன், டிவிடில வெறும் 'பாஸ்'னுதான் போட்ருக்கு, நானும் அப்படியே சொல்றேன். குதிரை மேல ரெண்டு கறுப்பு ஆளுங்க வர்றாங்க, பின்னாடி ஃபங்க் கிட்டார் கிழியுது, ஒரே தெருதான் மொத்த ஊரும். குண்டு பட்டு விழுறவன் கீழ பாத்து எடம் தேடி விழுறான். நாங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் ஒரு சீன். அந்த ஊர்ல ஷெரிஃப் இல்ல, இவங்களே அந்த வேலைய எடுத்துக்கிட்டு ஊருக்கு புதுசா சட்டம் போடுறாங்க, அதுல ஒண்ணு, எங்கள அந்த வார்த்தை சொல்லி கூப்ட்டா ஃபைன், இல்லன்னா உள்ள போ. ஊர்ப் பெரிய மனுஷனுங்க மூஞ்சி போற போக்கு பாத்து நாங்க இன்னும் சிரிக்கிறோம். மூலையில சேர்ல எங்க பெரிப்பா, எந்தப் படம் போட்டாலும் பத்தாவது நிமிஷம் தூங்கிடுவாரு, அன்னிக்கு நிமிந்து உக்காந்து கைய தட்டி "அப்டி கேளு, வாங்குடா காச!"ன்னு கத்துனாரு. அவர் சிரிக்கல. கண்ணு வேற கலங்கிருந்துச்சு. எங்களுக்கு சிரிப்பு நின்னு போச்சு.

அதுக்கப்புறம் நான் தனியா உக்காந்து இந்த மாதிரி படம் அஞ்சாறு பாத்துட்டேன். படம் மட்டம்னு தெரியுது, ஆனா விட முடியல. 2020ஐ தாண்டி வந்து நிக்கிற நமக்கு இதுல அப்படி என்ன இருக்கு? கலாய்க்கிறதுக்கு மட்டும்தான் பாக்குறோமா, இல்ல எனக்குத்தான் ஏதாவது ஆயிடுச்சா?

மெரிபேங்க்_அங்கிள்

தம்பி, எனக்கும் எழுபது தாண்டியாச்சு, உங்க பெரிப்பா ஏன் கை தட்டுனாருன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல.

நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப இந்த நாட்ல டிவியே கிடையாது, 1976லதான் வந்துச்சு, அதுவரைக்கும் பயாஸ்கோப்தான் எல்லாமே. வெள்ளக்காரன் தியேட்டர்ல நமக்கு எடமில்ல, டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஷா ஜெஹான், அவலான், ராஜ்னு இந்தியக்காரங்க நடத்துன தியேட்டர்தான் நமக்கு. பெரியவங்க இந்திப் படம் தமிழ்ப் படம்னு போவாங்க, நாங்க ஓடுனது கௌபாய் படத்துக்கு. ஆஃப்ரிக்கான்ஸ்ல ஸ்கொப் ஸ்கீட் என் டோனர்னு சொல்வாங்க இல்ல, ஒதைக்கணும் சுடணும் நொறுக்கணும், அவ்ளோதான் வேணும். சமூசா ஒரு கையில, வேர்க்கடலை ஒரு கையில, இத்தாலிக்காரன் எடுத்த படமெல்லாம் மூணு வாட்டி பாத்துருக்கேன்.

இதுல ஒரு கூத்து இருக்கு கேளு. படத்துல இந்தியன், அதான் செவ்விந்தியன், குதிரையிலேர்ந்து விழுந்தா நாங்கதான் மொதல்ல விசில் அடிப்போம். வெளிய வந்தா பஸ் ஸ்டாப்ல, பெஞ்சுல, போஸ்ட் ஆபீஸ்ல, எல்லா எடத்துலயும் 'இந்தியன்'னு போர்டு போட்டு எங்கள தனியா நிறுத்தி வெச்சிருப்பான். அந்த வயசுல ரெண்டையும் சேத்து யோசிக்கல. சென்சார் போர்டு சில படத்துக்கு போடுற தடையில ஆப்பிரிக்கக்காரங்களையும் சின்னப் பசங்களையும் ஒரே வரியில சேத்து எழுதுவான், வளந்த மனுஷனும் பத்து வயசுப் பையனும் அவனுக்கு ஒண்ணு. துப்பாக்கி எடுத்து வெள்ளக்காரன சுடுற கறுப்பு ஹீரோன்னா அவன் மண்டைக்குள்ள எப்படி இருந்திருக்கும் பாத்துக்க.

அந்த ஃபைன் சீன நான் எண்பதுகள்ல வீடியோ கேசட்லதான் பாத்தேன். எங்கப்பா பேரு சாமின்னு முடியும். ஆனா அவர மட்டுமில்ல, ரோட்ல காய்கறி வித்துட்டு போற எந்த இந்தியக்காரனையும் வெள்ளக்காரன் 'சாம்மி'ன்னுதான் கூப்புடுவான், பொம்பளைங்கன்னா 'மேரி'. நம்ம சாமிய எடுத்து நமக்கே வசவா ஆக்குனான் பாரு. கூலிங்கிற வார்த்தையும் அப்படித்தான், அதுவும் நம்ம வார்த்தைதான். அந்தப் படத்துல போட்ட ஃபைன் இங்க இருந்துச்சுன்னா எங்கப்பா ஒருத்தர் கணக்குலயே எங்களுக்கு ஒரு வீடு வாங்கியிருக்கலாம்.

படம் மட்டம்தான். அதுக்கு என்ன இப்ப.

ஜோபர்க்_மதுரக்காரன்

அங்கிள் சொல்றது சரி, நான் மறுக்கல. ஆனா எல்லாத்தையும் கண்ணீரா ஆக்கிட வேணாம். நான் மதுரைலேர்ந்து வேலைக்கு வந்தவன், எனக்கு சாம்மியும் தெரியாது மேரியும் தெரியாது, எனக்கும் இந்தப் படங்க பிடிக்குதே, அது எதுல சேத்தி?

நான் பாத்த வரைக்கும் மொத காரணம் நடை. ஃப்ரெட் வில்லியம்சன், ஜிம் பிரவுன் ரெண்டு பேரும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுனவங்க, வில்லியம்சனுக்கு அங்க 'ஹாமர்'னே பட்டப்பேரு. வசனம் பேசச் சொன்னா கொஞ்சம் சொதப்புவாங்க, ஆனா தெருவுல நடந்து வந்தா கேமரா சும்மா நின்னாலே போதும். நம்மூர்ல ஸ்டைலுக்காகவே தியேட்டருக்குப் போற ஆளுங்களுக்கு இத வெளக்க வேண்டியதில்ல. 'டேக் எ ஹார்ட் ரைட்'னு அதே 1975ல ஒரு படம், இவங்க ரெண்டு பேரோட கராத்தே ஜிம் கெல்லியும், வில்லனா லீ வான் க்ளீஃப், டைரக்டர் இத்தாலிக்காரர் மார்கெரிட்டி, எடுத்த எடம் கேனரி தீவு. ஆப்பிரிக்கா கரைக்கு பக்கத்துல இருக்குற தீவ மெக்சிகோ பார்டர்னு சொல்லி, அதுக்குள்ள ஒருத்தன் கராத்தே போடுறான். எந்த கம்பெனி மீட்டிங்ல இப்ப இதுக்கு ஓகே சொல்லுவான்? இப்ப வர்ற படத்துல எல்லாம் நல்லாதான் இருக்கு, 2021ல வந்த 'தி ஹார்டர் தே ஃபால்' பாத்தேன், துணிமணியிலேர்ந்து பாட்டு வரைக்கும் அவ்ளோ அழகு, ஆனா அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுருது. பழைய படத்துல எடுக்குறவனுக்கே தெரியாது, அதான் சுவாரஸ்யம்.

இன்னொண்ணு, 'பாஸ்' படத்த ஏதோ கத்துக்குட்டி எடுத்துட்டான்னு நெனைக்காதீங்க. டைரக்டர் ஜாக் ஆர்னால்ட், ஐம்பதுகள்ல 'க்ரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' எடுத்த ஆளு. காசுதான் இல்ல, கை இருந்துச்சு.

நமக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. 1972ல நம்மூர்ல டைரக்டர் கர்ணன் 'கங்கா' எடுத்தாரு, ஜெய்சங்கருக்கு தொப்பி மாட்டி குதிரை மேல ஏத்தி விட்டாரு, தமிழ்நாட்ல எந்த ஊர்ல கௌபாய் இருந்தான்னு யாரும் கேக்கல. ஏன்னா அந்தத் தொப்பிய யார் வேணா மாட்டிக்கலாம்!

மாரிட்ஸ்பர்க்_அக்கா

யார் வேணா மாட்டிக்கலாம்னு சொல்றது அரை உண்மை தம்பி. ஜெய்சங்கர் மாட்டுனது வேஷம். கறுப்பு கௌபாய் வேஷமில்ல, நெசம்மாவே இருந்தாங்க, அந்தக் காலத்து கௌபாய்ங்கள்ல நாலுல ஒருத்தர் கறுப்புன்னு வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. அடிமையா பொறந்து டெபுடி மார்ஷல்னு போலீஸ் வேலைக்கு வந்த பேஸ் ரீவ்ஸ் மாதிரி ஆளு நெசம்மாவே இருந்தாரு, ஆனா ஹாலிவுட் ஐம்பது வருஷம் அவங்கள தொடச்சு வெச்சிருச்சு. அதனால அந்தத் தொப்பிய வில்லியம்சன் மாட்டுறப்போ காணாம போன தன் பொருள திருப்பி எடுத்துக்குறாரு, இரவல் இல்ல.

எனக்கு பிடிச்சது 'பாஸ்' இல்ல, அதுல பொம்பளைங்கள வெச்சிருக்கிற லட்சணத்த பாத்து பாதியிலேயே நிறுத்தலாம்னு இருந்தேன். 1974ல வந்த 'தாமசீன் அண்ட் புஷ்ராட்' பாருங்க. வொனெட்டா மெக்கீ அதுல காசுக்கு குத்தவாளி பிடிக்கிறவ, புடிக்கப் போனவனோடயே சேந்து பேங்க் கொள்ளையடிக்க ஆரம்பிச்சிடுறா, கதை நடக்குறது 1911 பக்கம்ங்கிறதால குதிரையும் வருது காரும் வருது. பேப்பர்ல தன் பேரு அவன் பேருக்கு முன்னாடி வந்திருக்கான்னு பாக்குறவ அவ. அந்தப் படத்த எடுத்த கோர்டன் பார்க்ஸ் ஜூனியர் அஞ்சு வருஷம் கழிச்சு கென்யாவுல விமான விபத்துல போயிட்டாரு, அத படிச்ச அன்னிக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் சிட்னி பாய்ட்டியே டைரக்ட் பண்ண 'பக் அண்ட் தி ப்ரீச்சர்', 1972. இது மட்டமான பட்ஜெட் படமில்ல, பெரிய ஸ்டுடியோ, அவரும் ஹாரி பெலஃபான்டேயும், அதனால உங்க கேள்விக்குள்ள சரியா வராது, இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல. அடிமைத்தனம் ஒழிஞ்சு போச்சு, லூசியானாவுலேர்ந்து ஜனங்க வண்டி கட்டிக்கிட்டு மேற்க போறாங்க, தோட்ட முதலாளிங்களுக்கு கூலிக்கு ஆள் வேணும், அதனால குதிரையில ஆள் அனுப்பி வண்டிய எரிச்சு திரும்பி வா திரும்பி வான்னு அடிக்கிறாங்க. நான் நிறுத்தி நிறுத்தி பாத்தேன். எங்க கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்துல அஞ்சு வருஷ கிரிமிட், அதான் ஒப்பந்தக் கூலி வேலை, முடிச்சாரு, முடிச்சதும் சுதந்திரம்னு நெனச்சா 1895ல ஒரு சட்டம், திரும்ப கிரிமிட் எழுதிக்க, இல்ல ஊருக்கு கப்பல் ஏறு, ரெண்டும் மாட்டேன்னா வருஷத்துக்கு மூணு பவுண்டு வரி கட்டு. 1914 வரைக்கும் அது இருந்துச்சு. இங்க குதிரையில வரல, கையில பேப்பரோட வந்தான், அவ்ளோதான் வித்தியாசம்.

பாய்ட்டியே இங்க வந்துருக்காரு தெரியுமா? 1950 பக்கம் 'க்ரை, தி பிலவ்ட் கன்ட்ரி' எடுக்க டைரக்டர் ஸோல்டான் கோர்டாவோட வந்தப்போ, நடிகன்னு சொன்னா உள்ள விட மாட்டான்னு அவரையும் கூட நடிச்ச கனடா லீங்கிறவரையும் கோர்டாவோட ஒப்பந்தக் கூலின்னு காட்டித்தான் உள்ள கொண்டு வந்தாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம பாட்டன் முப்பாட்டன் வந்த அதே வாசல் வழியாத்தான் ஹாலிவுட் ஸ்டாரும் வந்துருக்காரு. குதிரை மேல அவர் உக்காந்துருக்கறத பாக்கும்போது எனக்கு இதான் ஞாபகம் வரும்.

பழைய_ரீல்

எல்லாரும் அமெரிக்காவையே பேசுறீங்க, நம்ம வாசல்லயே ஜூலு கௌபாய் படம் இருக்கே, 'உம்பாங்கோ', 1986. தொப்பி, துப்பாக்கி, சலூன், எல்லாரும் பேசுறது ஜூலு. எடுத்தவரு டோனி வான் டெர் மெர்வே, வெள்ளக்காரர். இவரு தயாரிச்ச 'ஜோ புல்லட்'டும் இருக்கு, கென் கம்பு ஹீரோ, 1973ல ரெண்டொரு ஷோ ஓடுனதுமே தடை பண்ணிட்டாங்க, கேப் டவுன்ல கிராவல் ரோடுங்கிற கம்பெனி ரெண்டையும் தூசி தட்டி சுத்தம் பண்ணி வெளியிட்டாங்க.

ஆனா இதுல எனக்கு ஒரு முள்ளு உண்டு. இந்த ஜூலு, க்ஹோசா படங்க பெரும்பாலும் அபார்த்தைட் நிறவெறி அரசாங்கத்தோட மானியத்துல வந்தது, பி ஸ்கீம்னு பேரு, வித்த டிக்கெட் கணக்குக்கு காசு. டைரக்டருக்கு பல நேரம் அந்த பாஷையே தெரியாது. அரசியல் பேசக் கூடாது, வெள்ளக்காரன எதுக்கக் கூடாது, அதனால கறுப்பன கறுப்பன்தான் சுடணும். 'பாஸ்' படத்துல வர்ற ஃபைன் சீன் இங்க எடுத்திருக்கவே முடியாது. இருந்தும் அந்த நடிகருங்க குதிரை ஏறுறப்போ மூஞ்சில ஒரு சந்தோஷம் தெரியும் பாருங்க, அது எந்த மானியத்துலயும் எழுதுனது இல்ல. அதுக்காகத்தான் நான் பாக்குறேன், பாத்துட்டு கொஞ்ச நேரம் கடுப்பாவும் இருக்கும்.

மெரிபேங்க்_அங்கிள்

உம்பாங்கோ நான் பாத்ததில்ல. எங்க கெடைக்கும்னு யாராவது சொல்லுங்க, பையன்கிட்ட சொல்லி போட்டுப் பாக்குறேன்.

சாட்ஸ்வர்த்_பையன்

அங்கிள், நான் தேடி அனுப்புறேன், உங்களுக்கு தனியா மெசேஜ் போடுறேன். அக்கா, மூணு பவுண்டு வரி பத்தி எங்க வீட்லயும் பேசிருக்காங்க, ஆனா ஒரு கௌபாய் படத்தோட சேத்துப் பாப்பேன்னு நெனக்கவே இல்ல. மதுர அண்ணா, நடை மேட்டர் நூத்துக்கு நூறு. பெரிப்பா மறுநாள் கராஜுக்கு போற நடையிலேயே அது தெரிஞ்சுது, சொன்னா அடிப்பாரு.

நேத்து ஞாயித்துக்கிழமை, லோட்ஷெடிங் இல்ல, பன்னி சௌ, அதான் ரொட்டிக்குள்ள கறிக்குழம்பு ஊத்துனது, வாங்கிட்டு வந்து பெரிப்பாவ உக்கார வெச்சு வில்லியம்சனோட இன்னொரு படம் போட்டேன், 'ஜாஷுவா', 1976. சண்டைலேர்ந்து வீட்டுக்கு திரும்பி வர்றான், அம்மாவ கொன்னுட்டானுங்க, கொன்னவனுங்கள தொரத்திக்கிட்டு போறான். போறான், போறான், போய்க்கிட்டே இருக்கான், ஒரே டியூன், சுத்தி வெறும் வெட்டவெளி, பேச்சே இல்ல. இருவது நிமிஷத்துல பெரிப்பா குறட்டை. நானும் ஃபோன நோண்ட ஆரம்பிச்சுட்டேன், சொன்னா என்ன, இது உண்மையிலேயே போர்தான், இதுக்கு யாரும் கண்ணீர் விட மாட்டாங்க.

திடீர்னு துப்பாக்கி சத்தம். பெரிப்பா கண்ண தொறக்காமலே கேக்குறாரு, "காச வாங்கிட்டானாடா?"

வாங்கிட்டான் பெரிப்பான்னு சொன்னேன். திரும்ப தூங்கிட்டாரு.