ரம் பால் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது (கல்கத்தா கேக் கடை அனுபவங்கள்)

ஹௌரா மெயில்:
கேக் கடைல நஹூம்ஸ் ஒசத்தியா ஃப்ளூரீஸ் ஒசத்தியான்னு சண்டை போட வரல. ஒரு விஷயம் பல வருஷமா உறுத்தறது, கொட்டிடறேன்.

டிசம்பர் மாசம், அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தா. முட்டை வாசனை பட்ட கரண்டியைக்கூடத் தொடமாட்டா. நான் பார்க் ஸ்ட்ரீட் ஃப்ளூரீஸ்ல எனக்குன்னு நாலு ரம் பால் (குடிக்கற பால் இல்ல, ரம் சேர்த்த சாக்லேட் உருண்டை) வாங்கி, டப்பாவை மேஜைல வச்சுட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தா ரெண்டுதான் இருக்கு. அம்மா விரல் நுனில ஒட்டின சாக்லேட்டைத் துடைக்க மனசில்லாம பார்த்துண்டு நிக்கறா. "பொரிவிளங்காய் உருண்டை மாதிரி இருக்கும்னு கடிச்சேன், வெண்ணெயா கரையறதே! ஏலக்காயும் இல்ல, பச்சைக்கற்பூரமும் இல்ல, என்னடா வாசனை அது?"

"எசென்ஸ்மா."

மூணாவதையும் எடுத்தா. நான் தடுக்கல.

லேக் மார்க்கெட் மாமி:
இதுக்கா இத்தனை வருஷம் மறுகினே? அடுப்புல பேக் பண்றச்சே ரம் பெரும்பாலும் ஆவியாப் போயிடும், வாசனைதான் மிஞ்சும். முட்டைதான் கொஞ்சம் உதைக்கறது, சரி விடு.

கேக்குன்னா நியூ மார்க்கெட் நஹூம்ஸ்தான். 1902ல பாக்தாத் யூதர் ஆரம்பிச்சது, ஃப்ளூரீஸெல்லாம் 1927ல வந்த குழந்தை. ஒரு பொரோதினுக்கு (கிறிஸ்துமஸுக்கு இங்க அதான் பேரு) முதல் நாள் க்யூல நின்னேன். முன்னால ஒரு கன்னியாஸ்திரீ, பின்னால புர்க்கா போட்ட அம்மா, நடுவுல குங்குமமும் மடிசாருமா நான். யூதர் கடை, அடுப்படில முஸ்லிம் கைங்க, கிறிஸ்துமஸ் கேக். அடடான்னு கண்ல ஜலமே வந்துடுத்து. அதெல்லாம் கதவு வரைக்கும்தான். உள்ள போனதும் கன்னியாஸ்திரீ முழங்கையால இடிச்ச இடி, விலா ரெண்டு நாள் வலிச்சுது. கடைசி ப்ளம் கேக் அவங்களுக்கு.

பெஹாலா பாலா:
மாமி, தப்பா சொல்றீங்க. ரம் பாலை பேக்கே பண்றதில்ல. கேக் வெட்டினதுல மிஞ்சின துண்டு துணுக்கை உதிர்த்து, கோக்கோ, ரம் சேர்த்துப் பிசைஞ்சு உருட்டி, சாக்லேட்ல முக்குவாங்க. அடுப்புக்கே போகாதது எங்கேர்ந்து ஆவியாகும்? ஹௌரா மெயில் அம்மா மூணு உருண்டை முழுசாத்தான் அடிச்சிருக்காங்க.

என் கதை வேற. கடை பேர் வேண்டாம். பொண்ணு யாழினிக்கு முதல் பிறந்தநாள், ஃபோன்லயே பேரைச் சொல்லி ஆர்டர் கொடுத்தேன். சாயங்காலம் மூடியைத் திறந்தா இளஞ்சிவப்பு க்ரீம்ல 'ஹேப்பி பர்த்டே ஜாலினி'. மாமனார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுட்டு மறுபடி படிச்சார். இப்போ அவளுக்குப் பன்னெண்டு வயசு, வீட்டுல ஜாலின்னுதான் கூப்பிடறோம்.

கோரமண்டல் பயணி:
பாலா, அது கடைக்காரன் தப்பில்ல. வங்காளத்துல சொல் முதல்ல வர ய-வை ஜ-ன்னுதான் சொல்லுவாங்க, யமுனாவே ஜமுனாதான். எழுதிக் கொடுத்திருக்கணும்.

நான் ஒரு தடவை ரயில்ல கேக் கொண்டுபோனேன். விஜயவாடா தாண்டினதும் மேல் பெர்த்காரர் இறங்கி நேரா அதுமேல உக்காந்துட்டார். எழுந்திரிக்கும்போது "குஷன் நல்லா இருக்கே"ன்னார். அவ்ளோதான்.

அதனால ஊருக்குக் கொண்டுபோறவங்களுக்குச் சொல்றேன். க்ரீம் வச்சது எதையும் வண்டில ஏத்தாதீங்க. சென்னை வர ஒரு நாளுக்கு மேல ஆகும், பாலாசோருக்குள்ளயே புளிக்க ஆரம்பிச்சுடும். ப்ளம் கேக் தாங்கும், ரம்லயும் சர்க்கரையிலயும் ஊறின பழம் சீக்கிரம் கெடாது. (ப்ளம் எங்கேன்னு தேடாதீங்க, பழைய இங்கிலீஷ்ல உலர்திராட்சைக்கும் ப்ளம்னுதான் பேரு.) துண்டா வாங்காதீங்க, முழுசா வாங்குங்க, வெட்டின முகம்தான் முதல்ல காயும். அடில இருக்கிற பட்டர் பேப்பரை உரிக்காம, அகலமான எவர்சில்வர் டப்பால வச்சு சீட்டுக்கு அடியில தள்ளுங்க. சீட்டு மேல வைக்கவே வைக்காதீங்க. 24ஆம் தேதி நியூ மார்க்கெட் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க, மாசம் பிறந்ததுமே காலைல போயிடணும். க்யூ பிடிக்கலைன்னா சல்தானா இருக்கு, 1930லேர்ந்து கோவாக்காரங்க பேக்கரி. அப்புறம் அந்தக் குளிர்ல ஈச்சமரத்து வெல்லம் போட்ட வங்காள இனிப்பு சந்தேஷை விட்டுட்டு இங்கிலீஷ் கேக்குக்கு ஏன் அலையறீங்கன்னே எனக்குப் புரியல.

லேக் மார்க்கெட் மாமி:
சந்தேஷ் பத்தி யாரு கேட்டா இப்போ? பாலா சொன்னதைப் படிச்சேன். நான் ரெண்டு தடவை அந்த உருண்டை சாப்பிட்டிருக்கேன். ஒரு தடவை சங்கடஹர சதுர்த்தி.

ஹௌரா மெயில்:
மாமி, சாரி.

போன வாரம் அம்மா ஃபோன்ல, "இந்தத் தடவை வரச்சே அந்த எசென்ஸ் உருண்டை ஒரு டஜன் வாங்கிண்டு வா, எதிராத்து மாமிக்கும் தரேன்னு சொல்லிட்டேன்"னா. டிக்கெட் இருபதாம் தேதிக்குப் போட்டாச்சு. எவர்சில்வர் டப்பா எத்தனை இஞ்ச் அகலம் இருக்கணும்?