பேட்ஜர் கதை படித்த வீட்டில் நடந்தது

யீஷூன் அம்மா:
'பேட்ஜர்ஸ் பார்ட்டிங் கிஃப்ட்ஸ்' என்ற படப் புத்தகம் உங்களில் பலர் வீட்டுக்கும் வந்திருக்கும். சூசன் வார்லி 1984இல் எழுதி வரைந்தது, வளையில் வாழும் பேட்ஜர் என்ற வயதான விலங்கு இறந்துபோக, மோல் என்ற அகழெலியும் தவளையும் நரியும் முயலும் அவர் கற்றுக்கொடுத்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்குமே, அதுதான். நூலகத்தில் மகனே தேடி எடுத்தான். மாமனாருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பார். சுரங்கத்தில் பேட்ஜர் ஓடும் பக்கம் வந்ததும், "இந்தப் பெரியவரு எங்கப்பா இப்படி ஓடுறாரு?" என்றார். இவன் தலையைக்கூட நிமிர்த்தாமல், "செத்துப் போறாரு தாத்தா, இனிமே கைத்தடி வேணாம், அதான் கீழ போட்டுட்டாரு" என்றான். மாமனாரின் தடி சோபாவில்தான் சாய்ந்திருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, அடுத்த பக்கம் திருப்பு" என்றார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாஞ்சாங்வாசி:
இதற்குத்தான் இந்தக் காட்டுக் கதைகளே வேண்டாம் என்கிறேன். சாவு கிடக்கட்டும், அதில் முயல் கேக் சுடும், நரி டை கட்டும், எல்லாருக்கும் எல்லாரோடும் சிநேகிதம். அதை நம்பி என் சின்னவள் புக்கிட் தீமா காட்டோரம் ஒரு குரங்கிடம் ரொட்டியை நீட்டி, "ஷேர் பண்ணலாமா?" என்று கேட்டாள். அது ரொட்டியோடு பையையும் பிடுங்கிக்கொண்டு பல்லை இளித்தது பாருங்கள்! இங்கே சிங்கப்பூரில் காட்டு விலங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம், அது வேறு பயம். அக்கா, உங்கள் மாமனார் பெரிய மனிதர். எங்கள் அம்மாவாக இருந்தால் புத்தகம் ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும், அப்புறம் அதற்கும் ஓர் அபராதம்.

பாலர்பள்ளி டீச்சர்:
குரங்கு பிடுங்கியதற்குப் பேட்ஜர் என்ன செய்யும்? பீஷான் பூங்காவில் நீர்நாய்க் கூட்டம் கரையேறியபோது என் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், பேட்ஜரோட சொந்தக்காரங்க!" என்று கத்தினான். உண்மைதான், இரண்டும் ஒரே குடும்பம். அந்தப் பூரிப்பு எந்த வொர்க்‌ஷீட்டிலும் வராது. நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை புரட்டிவிடுங்கள். படிக்கும்போது ஆங்கில வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள், தாத்தாவும் கதைக்குள் வந்துவிடுவார். கடைசியில் நிஜ விலங்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்: பேட்ஜர் பகலில் வளைக்குள் தூங்கும், இருட்டிய பிறகே வெளியே வரும், இங்கிலாந்தில் அதற்கு முக்கியச் சாப்பாடே மண்புழு. மண்புழு என்றதும் பிள்ளைகள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டிலும் டியூஷனா?

பாஞ்சாங்வாசி:
டீச்சர், சொந்தக்காரர்கள் ஆயிற்றே என்று அந்தப் பையன் நீர்நாய்க்கு மீன் கொடுக்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் அதே 5,000தான்.