கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் - அடுத்து எந்த ரெக்கார்டிங் கேக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். இசையமைப்பாளர் பாஹோட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ பியானிஸ்ட் கிளென் கூல்ட் 1955லயும் 1981லயும் ரெக்கார்ட் பண்ணிருக்காருல்ல, முதல்ல வந்தது 38 நிமிஷம் கிட்ட, ரெண்டாவது 51 நிமிஷம், அதுல ஆரம்பத்துல வர்ற ஆரியாங்கிற மெட்டே அவ்ளோ நிதானமா, ஒவ்வொரு சுரமும் தனித்தனியா நின்னு வருது, பின்னாடி அவர் முனகுறது கூட கேக்குது, எனக்கு அதுதான் உசுரு. என் ஃப்ரெண்டுக்கு அந்த முனகல் தொந்தரவு, 1955லதான் துடிப்பு இருக்குன்னு அடிச்சு சொல்றான். ஆனா ஜாஸ் பியானிஸ்ட் பில் எவன்ஸ் ட்ரியோவோட 1961 வில்லேஜ் வேன்கார்ட் கிளப் லைவ்ல கிளாஸ் சத்தம் வர்றது அவனுக்கு ரொம்பப் புடிக்கும்.

இப்போ ரிப்பீட் (ஒவ்வொரு பகுதியையும் ரெண்டு தடவை வாசிக்கிறது) எல்லாம் விடாம வாசிச்ச ஒரு ரெக்கார்டிங்க நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கணும். பியானிஸ்ட்ல ஆந்த்ராஷ் ஷிஃப்பா, மர்ரே பெராயாவா, இல்ல நேரா பாஹ் காலத்து கருவியான ஹார்ப்சிகார்டுக்கே போயிடலாமா? கேட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.