விலாவில் இடி, இப்போது தோள்வலி

கேள்வி: நான் கோல்கீப்பர். முந்தாநாள் பந்துக்குப் பாய்ந்தபோது ஒருவரின் முழங்கால் இடது விலாவின் கீழே இடித்தது. மூச்சு அடைத்தது, ஐந்து நிமிடத்தில் சரியாகி ஆட்டத்தை முடித்தேன். இன்று காலையிலிருந்து இடது தோள் நுனியில் வலி. தோளில் அடியே படவில்லை! கையைத் தூக்கினால் வலிக்கவில்லை, மல்லாந்து படுத்தால் கூடுகிறது. தைலம் போதுமா?

பதில் 1: தைலத்தை விடுங்கள், இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த இடத்தில் 9 முதல் 11 வரையான விலா எலும்புகளுக்கு உள்ளே மண்ணீரல் இருக்கிறது. அது கிழிந்து ரத்தம் கசிந்தால் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்தும். அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும். எனக்கும் அப்படித்தான் வந்தது. சுளுக்கு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன், கழிப்பறையில் மயங்கி விழுந்த பிறகுதான் புரிந்தது.

பதில் 2: வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். எதுவும் சாப்பிடாமல் போங்கள். அண்மையில் சுரப்பிக் காய்ச்சல் (தொண்டைவலி, கழுத்தில் நெறிகட்டுதலோடு வரும் வைரஸ் காய்ச்சல்) வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அதில் மண்ணீரல் வீங்கியிருக்கலாம், லேசான அடிக்கே கிழியலாம்.

கேட்டவர்: சிடி ஸ்கேனில் சின்னக் கிழிசல். அறுவை வேண்டாமாம், படுக்கவைத்துக் கண்காணிக்கிறார்கள். அப்புறம் எழுதுகிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.