நாரி ஒப்பரேசன்: 8 மில்லிமீற்றரா, 35 மில்லிமீற்றரா?

சுன்னாகத்தான்:
முதுகுவலித் திரியில் ரொறன்ரோத் தம்பி நேற்று எழுதியதை அப்படியே போடுகிறேன்: "நாரிக்கு இப்ப 8 மில்லிமீற்றர் துளை போதும். ஊரில் இன்னும் முதுகைப் பிளக்கிறார்கள்." வாசித்த பிறகு நித்திரை வரவில்லை. எனக்கும் நாரியில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை நெரித்தது. இங்கேதான் நுணுக்குக்காட்டி வைத்து ஒப்பரேசன் செய்தார்கள். இன்று காலை மகளின் அடிமட்டத்தை மனைவி தழும்பில் வைத்து அளந்தார். 35 மில்லிமீற்றர். இதற்குப் பெயர் பிளப்பதா?

ரொறன்ரோத் தம்பி:
அண்ணை, 8 எங்கே 35 எங்கே? நாலு மடங்குக்கு மேல். நீங்களே அளந்து நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

வல்லைவெளி:
சின்னக் குழாய் வைத்து அதன் வழியாகச் செய்வது ஒன்று, துளைக்குள் கமெரா விட்டுச் செய்வது இன்னொன்று. நீங்கள் இருவரும் எதைத் 'துளை' என்கிறீர்கள்?

சுன்னாகத்தான்:
ஒத்துக்கொண்டேனா? தம்பி, 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க டொக்டர்மார் நாரியிலிருந்து காலுக்கு இறங்கும் கால்குத்துக்குக் காரணம் பிதுங்கிய தட்டுத்தான் என்று எழுதிய காலத்தில் எலும்பை அகலமாக எடுத்தார்கள். அதைப் பிளப்பது என்று சொல்லுங்கள், கேட்கிறேன். 1977இல் யாசர்கில், காஸ்பர் என்ற டொக்டர்மார் நுணுக்குக்காட்டி முறையை எழுதிய பிறகு வெட்டு சுருங்கிவிட்டது. எனக்குச் செய்தது அந்த முறைதான்.

எனக்கு அப்போது வலது கால் பெருவிரலைத் தூக்க முடியாமல் இருந்தது. வெங்காயப் பாத்தியில் செருப்பு கழன்று கிடக்க, அது தெரியாமலே கிணற்றடிவரை நடந்து வந்தேன். கழுவக் குனிந்தபோதுதான் காலில் செருப்பில்லை என்று கண்டேன். ஒப்பரேசனுக்குப் பிறகு குத்து உடனே போனது. விரல் தூக்க மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் நரம்பு தேறிய காலம். தோலில் 8 என்றாலும் 35 என்றாலும் உள்ளே நெரிபட்டது அதே நரம்பு.

இன்னொன்று. நெதர்லாந்தில் 328 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் பார்த்ததில், குழாய் வைத்துச் செய்தவர்களுக்குக் கால்வலியும் நாரிவலியும் வழமையான நுணுக்குக்காட்டி முறையில் செய்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. சின்ன வெட்டுக்காரருக்குத்தான் வலி கூட!

ரொறன்ரோத் தம்பி:
அது குழாய். நான் சொல்வது கமெரா. அதே நெதர்லாந்தில் 613 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2022, பி.எம்.ஜே. மருத்துவ இதழ். கமெராக்காரரின் கால்வலி ஒரு வருடத்தில் நுணுக்குக்காட்டி முறைக்காரரைவிடச் சற்றுக் குறைவு. பழைய பேப்பரை வைத்துக்கொண்டு புதுக்கதை சொல்ல வேண்டாம். 8 மில்லிமீற்றர்.

வல்லைவெளி:
இதைத்தானே முதலில் கேட்டேன்.

கொக்குவில் அக்கா:
தம்பிமார், தோலில் வெட்டே இல்லாத ஒப்பரேசனை நான் பார்த்தேன். அம்மாவுக்கு மூளைக்கு அடியில், பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி. கொழும்பில் மூக்கு வழியாகக் கமெரா விட்டு எடுத்தார்கள். வெளியில் ஒரு தையல்கூட இல்லை. ஆனால் நாலாம் நாள் குனிந்தபோது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. தடிமன் என்று நினைத்து லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தோம். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அது என்று டொக்டர் சொன்னபோது கை நடுங்கிப்போச்சு. திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அம்மா இப்ப சுகம். ஆனால் வெளியே தெரியும் அளவை வைத்துச் சின்ன ஒப்பரேசன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ரொறன்ரோத் தம்பி:
அது மூளை, இது நாரி. கலக்காதீர்கள்.

கொக்குவில் அக்கா:
கலக்கவில்லை. நாரிக்கும் சொல்கிறேன், கேளுங்கள். பலருக்குக் கால்குத்து சில கிழமைகளில் ஒப்பரேசன் இல்லாமலே குறைந்துவிடும். ஆனால் சலம் போகாமல் அடைத்தால், உட்காரும் பகுதி மரத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பெடியன் இங்கே நல்ல முறை இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொழும்புக்குப் போவதற்காக இரண்டு நாள் வலியோடு காத்திருந்தான். இன்னும் குழாய் வைத்துத்தான் சலம் கழிக்கிறான். 'பிளக்கிறார்கள்' என்று எழுதுகிறவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

ரொறன்ரோத் தம்பி:
இனி அந்தப் பெடியனும் என் பிழையா? ஊரைப் பற்றி வெளியில் இருப்பவன் வாய் திறந்தாலே குற்றம். காசு கேட்கும்போது மட்டும் நாங்கள் ஊர்ப்பிள்ளைகள்.

சுன்னாகத்தான்:
எந்தக் காசு? வாசிகசாலைக் கூரைக்கு அனுப்புகிறேன் என்றீர்களே, அதுவா? போன மாரியில் பேப்பர் மேசைக்குமேல் வாளி வைத்துத்தான் வாசித்தோம்.

ரொறன்ரோத் தம்பி:
முதல் தவணைக்கு இன்னும் ரசீது வரவில்லை. உங்கள் செயலாளரைக் கேளுங்கள்.

வல்லைவெளி:
செயலாளர் என் மாமா. வார்த்தையை அளந்து பேசுங்கள்.

சுன்னாகத்தான்:
கூரையை விடுங்கள். நான் கேட்டது ஒன்றுதான். உங்கள் கமெராவால் செய்திருந்தால் என் பெருவிரல் ஒரு நாளாவது முந்தி எழும்பியிருக்குமா? ஆம் அல்லது இல்லை.

ரொறன்ரோத் தம்பி:
8 மில்லிமீற்றர், அண்ணை. மரக்கவைக்கும் ஊசியோடு மட்டுமே செய்யலாம், முழு மயக்கம்கூட வேண்டாம். அதைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

சுன்னாகத்தான்:
கேட்டதற்குப் பதில் இல்லை. தழும்பைப் படம் எடுத்து இன்றிரவு போடுகிறேன், அடிமட்டத்தோடு. பிளந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

ரொறன்ரோத் தம்பி:
போடுங்கள். 35 தெரிகிற மாதிரி கிட்ட வைத்து எடுங்கள்.