சிற்றிதழுக்கு ஆயுள் சந்தா கட்டலாமா?

பாளை டீச்சர்:
ரொம்ப வருஷமா ஒரு இலக்கிய மாத இதழ் வாங்குறேன். ஆண்டுச் சந்தா 500 ரூபாய். இந்த மாதம் இதழுக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது: ஆயுள் சந்தா 7,500 ரூபாய். அரியர்ஸ் பணம் கையில் இருக்கிறது, கட்டிவிடலாமா என்று ஆசை. வீட்டுக்காரரோ, "பதினஞ்சு வருஷச் சந்தாவ இன்னைக்கே எதுக்குத் தூக்கிக் கொடுக்கணும்?" என்கிறார். எனக்கு வயது 44. மலையாள, வங்காளக் கதைகளை எனக்கு அறிமுகப்படுத்தியதே இந்த இதழ்தான், நின்றுபோகக் கூடாது. யாராவது கட்டியிருக்கீங்களா?

சிறுவாணிக்காரன்:
கட்டாதீங்க. 1941-ல் தொடங்கிய கல்கியே 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. நாளைக்கு உங்க இதழும் "இனி பிடிஎஃப் மட்டும்" என்றால் என்ன செய்வீங்க? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கணும். ஆனால் நின்றுபோன சிற்றிதழிடம் வசூலிக்க என்ன இருக்கும்?

பழைய சந்தாப் பிரிவு:
டீச்சர், நான் ஒரு இலக்கிய இதழில் சந்தாக் கணக்கைப் பல வருஷம் பார்த்தவன். அந்த இதழ் இப்போது வருவதில்லை. உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் ஆயுள் சந்தாவுக்குத் தனி நோட்டு. ஆண்டுச் சந்தாதாரர் பெயருக்கு எதிரே முடியும் மாதம் எழுதியிருக்கும். ஆயுள் நோட்டில் அந்தக் கட்டமே கிடையாது. மாதாமாதம் இதழைச் சுருட்டி, மேல்தாள் சுற்றி, மைதாப் பசை தடவி, முகவரிச் சீட்டு ஒட்டி மூட்டை கட்டுவோம். சில பிரதிகள் "பெறுநர் காலமானார்" என்று தபால்காரர் கையெழுத்தோடு திரும்பி வரும். ஒருமுறை அப்படித் திரும்பிய பெயரை அடித்துவிடப் போனபோது மகனிடமிருந்து ஒரு கார்டு: "அப்பா பெயரிலேயே அனுப்புங்கள், நான் படிக்கிறேன்." கடைசி இதழ் வரை அனுப்பினோம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். உங்கள் 7,500 ரூபாயை இதழ்க்காரர்கள் வங்கியில் வைப்பாகப் போட்டு ஆறரை சதவீத வட்டி கிடைத்தால் வருஷத்துக்கு 487 ரூபாய் ஐம்பது காசு. ஏறக்குறைய உங்கள் ஆண்டுச் சந்தா. அப்படிப் போட்டுவைத்தால் வட்டியிலேயே உங்கள் பிரதி வந்துகொண்டிருக்கும், அசலில் கைவைக்க வேண்டாம். உங்கள் ஆசிரியர் 7,500 என்று வைத்தது இந்தக் கணக்கில்தான் என்றால் அவர் விவரமானவர்.

ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. ஆயுள் சந்தா வந்த அன்றே அச்சகப் பாக்கிக்கோ தாள் கடைக்கோ போய்விடும். ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள், அந்த மாத இதழ் வெளியே வர அதுதான் வழி. அடுத்த வருஷத்திலிருந்து உங்கள் பிரதிக்கான செலவு மற்றவர்களின் ஆண்டுச் சந்தாவிலிருந்து போகும். தாள் விலை ஏறும், உங்கள் சந்தா ஏறாது. ஆயுள் நோட்டு தடிக்கத் தடிக்க இதழுக்குப் பாரம்.

இன்னொன்று. சிற்றிதழ் பெரும்பாலும் ஒற்றை ஆள் தோளில் நிற்கிறது. தீபம் இதழின் ஆசிரியர் நா. பார்த்தசாரதி 1987 டிசம்பரில் மறைந்தார், அடுத்த வருஷமே தீபம் நின்றது. 1995-ல் சுபமங்களா ஆசிரியர் கோமல் சுவாமிநாதன் போனார், சுபமங்களாவும் போயிற்று. சி.சு. செல்லப்பா இருக்கும்போதே, அவர் 1959-ல் தொடங்கிய 'எழுத்து' இதழ் 1970-ல் முடிந்துவிட்டது. மாறாக, 1965-ல் தொடங்கிய கணையாழி கைமாறியும் பிழைத்துக்கொண்டது. அதனால் உங்கள் வயதைப் பார்க்காதீர்கள். ஆசிரியருக்குப் பின் நடத்த ஆள் உண்டா, அறக்கட்டளை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று வருஷச் சந்தா கட்டுங்கள். முடிந்ததும் நினைவூட்டல் வரும் வரை காத்திருக்காமல் புதுப்பியுங்கள். நாங்கள் அனுப்பிய நினைவூட்டல் கார்டுகளில் பாதிக்குமேல் பதிலே வந்ததில்லை. நல்ல வாசகர்கள்தான், மறந்துவிடுவார்கள். இதழ்கள் மெலிவது அங்கேதான். அதற்கு மேலும் கொடுக்க மனசு இருந்தால் நன்கொடை என்று சொல்லியே கொடுங்கள். அவர்களுக்கும் காலமெல்லாம் கடன் இல்லை, உங்களுக்கும் பின்னாளில் மனக்குறை இல்லை.

கொடுப்பதற்கு முன் ஆசிரியருக்கு ஒரு போன் போட்டு, "ஆயுள் சந்தாவை வைப்பில் போடுறீங்களா, நடப்புச் செலவுக்கா?" என்று கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பாளை டீச்சர்:
ரொம்ப நன்றி சார். நேற்று சாயங்காலம் பேசினேன். "அச்சகத்துக்குப் பாக்கி இருக்கும்மா, அதுக்குத்தான்" என்று ஒளிக்காமல் சொன்னார். இதழை எடுத்து நடத்த இரண்டு இளைஞர்கள் கூட வந்திருக்கிறார்களாம். எனக்கு மூன்று வருஷம், எங்க பள்ளி நூலகத்துக்கு மூன்று வருஷம், மேலே 2,000 ரூபாய் நன்கொடை என்று முடிவு பண்ணியிருக்கேன். வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார்.

பழைய சந்தாப் பிரிவு:
நல்ல முடிவு டீச்சர். பள்ளி முகவரி கொடுக்கும்போது மே மாத இதழை மட்டும் உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். விடுமுறையில் பூட்டியிருந்தால் பிரதி திரும்பிவிடும், இல்லையென்றால் தொலைந்துவிடும். முகவரியில் நூலகர் என்று பதவியைப் போடுங்கள், ஆள் பெயர் வேண்டாம். மாற்றலாகிப் போனாலும் இதழ் வந்து சேரும்.